காம்பிராவுக்குப் பத்துப் பேர்

எங்கள் காம்பிராவில் பத்துப் பேர் இருந்தது அந்த டீச்சருக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை. தெரிந்துதான் அப்படிச் செய்தார் என்று சில நாள் நினைக்கிறேன். தெரிந்திருக்க வழியே இல்லை, பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆர்வத்தில் தற்செயலாக நடந்தது என்று சில நாள் நினைக்கிறேன். அடுப்பில் சோறு பொங்கும்போது ஒரு முடிவுக்கு வருவேன். துணி காயப்போடும்போது அது நேர்மாறாக மாறிவிடும்.

என்னைப்போலத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, இப்போது பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுக்கும் தாய்மார் சிலராவது இதைப் படிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உங்களுக்கு லயத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்காக மட்டும் சொல்கிறேன். தோட்டத்தில் தொழிலாளிகள் குடியிருக்கும் நீண்ட தகரக் கூரைக் கட்டடம் லயம். அதில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. அந்த அறைதான் காம்பிரா. தலவாக்கலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் இருந்தவை எல்லாம் பத்துக் காம்பிரா லயங்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். ஆனி, ஆடி மழைக்காலம். சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். ஒரே ஒரு நீள அறைதான் பள்ளிக்கூடம். ஒரு மூலையில் அரிவரிப் பிள்ளைகள், மறு மூலையில் ஐந்தாம் வகுப்பு. நனைந்த சாக்குகளைச் சுவரோரம் போட்டுவைப்போம். அந்தச் சாக்கு நாற்றமும் தொழிற்சாலையிலிருந்து வரும் தேயிலை வறுபடும் மணமும் சேர்ந்து ஒரு வாடை அறையில் நிற்கும். இப்போதும் மழை நாளில் ஈரச் சாக்கை முகர்ந்தால் எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு ஞாபகம் வருகிறது.

அந்த வருடம்தான் புது டீச்சர் வந்தார். அதுவரை பெண் டீச்சரை நாங்கள் பார்த்ததில்லை. ஹட்டன் பக்கத்து வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். அவருடைய அப்பாவும் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர்தான் என்று பேசிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்த சின்ன அறையில் தங்கியிருந்தார். அப்போது அவர் எனக்குப் பெரிய மனுஷியாகத் தெரிந்தார். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால், இன்றைக்கு எனக்கு இருக்கும் வயதைவிட அவருக்கு வயது நன்றாகக் குறைவு.

முதல் வாரத்திலேயே கரும்பலகையில் பத்து என்று எழுதி, அதன் வலப்பக்கத் தோளில் சின்னதாக ஒரு இரண்டு எழுதினார்.

"இது எவ்வளவு?"

"இருவது டீச்சர்" என்று ஐந்தாம் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னோம்.

"இருவதா? அப்ப இந்தச் சின்ன ரெண்டு யாரு, என்னா வேல செய்றாரு?"

முன்னால் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"இவருதான் கங்காணி. தோள்ல ஏறி ஒக்காந்திருக்காரு பாத்தீங்களா? இவரு ஒரு வேலையும் செய்ய மாட்டாரு. கீழ இருக்கிற பத்த எத்தன தடவ எழுதிப் பெருக்கணும்னு மட்டும் சொல்லுவாரு. ரெண்டுன்னு சொன்னா, பத்த ரெண்டு தடவ எழுதிப் பெருக்கணும். எவ்வளவு?"

மலையில் ஆட்களை நிறுத்தி வேலை வாங்கும் கங்காணியின் பேரன் எங்கள் வகுப்பில்தான் இருந்தான். அவன்தான் முதலில் சிரித்தான். அதன்பிறகு யாரும் இருபது என்று சொல்லவில்லை. கங்காணி இரண்டு என்றால் நூறு. மூன்று என்றால் ஆயிரம். "கங்காணி ஒண்ணுன்னு சொன்னா?" பத்து அப்படியே பத்தாக நிற்கும். இப்படி ஏறி இறங்கி விளையாடினோம்.

ஆனாலும் நூறு, ஆயிரம் என்பதெல்லாம் எங்களுக்குப் பின்னால் ஒரு சுழியைச் சேர்ப்பது மட்டும்தான். அது எவ்வளவு பெரிசு என்று தெரியாது. அதற்காகத்தான் டீச்சர் லயத்தைப் பிடித்தார். ஒரு நாள் மழை விட்டிருந்த நேரம் எங்களை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், எதிர் மலையில் வரிசை வரிசையாகத் தெரிந்த லயங்களைக் காட்டினார்.

"ஒரு காம்பிராவுல பத்துப் பேருன்னா, ஒரு லயத்துல?"

"நூறு."

"அந்த மாதிரிப் பத்து லயம்?"

"ஆயிரம்."

"அப்ப நம்ம கண்ணு முன்னாடி நிக்கிதே, அதுதான் பத்துக்கு மேல மூணு போட்டது. கங்காணி சைபர்னு சொல்லிட்டா என்னா ஆகும்? தோட்டத்துலேருந்து எறங்கி வாங்க. ஆயிரம், அப்புறம் ஒரு லயம் நூறு, ஒரு காம்பிரா பத்து. ஒவ்வொரு தடவையும் பத்துல ஒரு பங்காவுது. காம்பிராவுக்குள்ள போனா?"

"ஒரு ஆளு" என்றேன் நான்.

"அவ்வளவுதான். ஒண்ணுமில்லாமப் போயிடல. ஒரு ஆளு இருக்காரு."

அன்றைக்கு நல்ல பெயர் வாங்கிவிட்ட சந்தோஷம் எனக்கு. அது நீடிக்கவில்லை. உள்ளே வந்ததும் டீச்சர் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார். "உங்க காம்பிராவுல எத்தன பேரு?"

ஆறு என்றார்கள். ஒன்பது, ஏழு, பதினொன்று என்றார்கள். என் முறை வந்தது.

இங்கே எங்கள் காம்பிராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா, அம்மா, சித்தப்பா, அண்ணன், நான், இரண்டு தம்பிகள், கைக்குழந்தையாக ஒரு தங்கை. எட்டுப் பேர். தோட்டத்து ஆபிசில் பதிவாகியிருந்ததும் இந்த எட்டுத்தான். மற்ற இரண்டு பேர் என் அத்தையும் அவருடைய ஆறு வயது மகளும். அப்பாவின் கூடப்பிறந்த தங்கை அவர். வேறொரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார். மாமா சங்கத்துக்காகப் பேசினார் என்று அங்கே இரண்டு பேரையும் வேலையிலிருந்து நிறுத்திக் காம்பிராவையும் பூட்டிவிட்டார்கள். மாமா கினிகத்தேனை டவுன் கடைகளில் வேலை தேடிப் போனார். அத்தை மகளையும் கூட்டிக்கொண்டு, வயிற்றுப் பிள்ளையோடு எங்களிடம் வந்து சேர்ந்தார்.

பேர் பதியாத ஆளை லயத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. கண்டுபிடித்தால் வந்தவர்களை வெளியே துரத்துவார்கள், இடம் கொடுத்தவர்களுக்கும் வேலை போகும். அத்தைக்குப் போக வேறு இடமும் இல்லை. அதனால் பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பார். தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் போக மாட்டார். இருமல் வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொள்வார். அம்மா எங்களை எல்லாம் நிறுத்திவைத்துச் சொல்லியிருந்தார்: "யாரு கேட்டாலும் எட்டுப் பேரு. டீச்சரு கேட்டாலும் எட்டு. சாமி வந்து கேட்டாலும் எட்டு."

"எட்டுப் பேரு டீச்சர்" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அடுத்த காம்பிராப் பெண். இரண்டு காம்பிராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரைவரை போகாது. நாங்கள் தும்மினால் அவர்கள் வீட்டில் கேட்கும்.

"பொய் சொல்றா டீச்சர். அவங்க காம்பிராவுல பத்துப் பேரு இருக்காங்க" என்றாள் அவள்.

டீச்சர் கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அதத்தான நானும் சொல்லப் போறேன்" என்றார் அவர். "ஒருத்தர் ஆறுங்கிறீங்க, ஒருத்தர் பதினொண்ணுங்கிறீங்க. இப்படி இருந்தா நம்ம கணக்கு வராது. இன்னையிலேருந்து எல்லாக் காம்பிராவிலயும் பத்துப் பேருன்னு வச்சுக்குவோம். யாரு கேட்டாலும் பத்து. சரியா?"

"சரி டீச்சர்."

என் முகத்தை அவர் பார்க்கவில்லை. சாதாரணமாகப் பார்க்காமல் விட்டாரா, வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தாரா என்பதுதான் என் கேள்வி.

அதன்பிறகு எங்கள் தோட்டத்தையே செய்ய ஆரம்பித்தோம். வெற்றுத் தீப்பெட்டிதான் காம்பிரா. உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகை ஒன்றில் பத்துத் தீப்பெட்டிகளை ஒட்டினால் ஒரு லயம். ஆட்களுக்கு, டர்பன்டைன் என்று நாங்கள் சொல்லும் ரோட்டோரத்து யூகலிப்டஸ் மரங்களிலிருந்து உதிரும் விதைக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தோம். மூக்குத்தி போலச் சின்னதாக இருக்கும். கையெல்லாம் தைல வாசனை அடிக்கும். ஒரு தீப்பெட்டிக்குப் பத்து. தீப்பெட்டி போதாமல் போனபோது கொப்பித் தாளைப் பெட்டியாக மடித்து ஒட்டினோம்.

நான்கு பேர் மட்டும் இருந்த காம்பிராப் பையன் முறைத்துக்கொண்டான். "எங்க வீட்டுல இல்லாத ஆளுங்கள நான் எதுக்கு டீச்சர் போடணும்?"

"வரப்போறவங்கன்னு வச்சுக்கப்பா. ஒனக்குக் கல்யாணம் ஆவாதா? பிள்ள குட்டி பொறக்காதா?"

வகுப்பே சிரித்தது. அவன் பத்துக் கூடுகளைப் போட்டு வேகமாக மூடினான். நானும் எங்கள் பெட்டியில் பத்துப் போட்டேன். மற்றவர்களுக்கு அது சும்மா ஒரு எண். எனக்கு மட்டும் அதில் ஒவ்வொரு கூடும் ஒரு ஆள்.

சில கூடுகளைச் சட்டைப்பைக்குள் போட்டு வீட்டுக்கும் கொண்டுபோவேன். அத்தை மகளுக்குப் பள்ளிக்கூடம் போக ஆசை. போக முடியாது. அடுப்பு வெளிச்சத்தில் அவளுக்குப் பத்து, நூறு என்று அடுக்கிக் காட்டுவேன்.

"மதினி, அந்தப் பள்ளிக்கூடத்துப் பொட்டிக்குள்ள நான் இருக்கேனா?" என்று கேட்டாள்.

"இருக்க."

"எங்கம்மா?"

"அத்தையும் இருக்காங்க."

"அப்ப நாங்க மட்டும் வெளிய போனா என்னாவாம்?" என்றாள். அத்தை அவளை இழுத்து மடியில் போட்டு வாயைப் பொத்தினார். பொத்திக்கொண்டே சிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் லயம் லயமாக வந்தார். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்திருக்கும் பிள்ளைகளைக் கேட்டு வந்தார். எங்கள் லயத்துக்கும் வந்து காம்பிரா காம்பிராவாக நின்று பேசிவிட்டுப் போனார். எங்கள் காம்பிராவுக்கு மட்டும் வரவில்லை. சாத்தியிருந்த கதவைத் தாண்டி அடுத்த காம்பிராவுக்குப் போய்விட்டார். கதவிடுக்கு வழியாக அத்தை அதைப் பார்த்திருக்கிறார்.

பீலிக்கரையில் பேச்சு கிளம்பியது. யார் முதலில் சொன்னது என்று தெரியாது. புது டீச்சர் காம்பிராவுக்கு எத்தனை பேர் என்று எண்ணுகிறாள், தோட்டத்தையே சின்னதாகச் செய்து ஆட்களைக் கொட்டைகளாகப் போட்டுவைத்திருக்கிறாள், எல்லாம் ஆபிசுக்காக என்று பேச்சு. நமக்கெல்லாம் தலையை எண்ணுகிறார்கள் என்றாலே கதவைச் சாத்தத் தோன்றும். எண்ணிவிட்டுப் போனவர்கள் அடுத்து யாரையாவது வெளியேற்றுவார்கள் என்பது தெரிந்த சங்கதிதானே. கணக்குப் பாடத்துக்காக ஒருத்தி தலை எண்ணுவாள் என்று அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் தோன்றியிருக்காது.

அந்த வாரமே காவல்காரர் இரண்டு லயங்களில் வந்து கதவு தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கீழ் டிவிசனில் யாரோ ஒளிந்திருப்பதாக ஆபிசுக்குத் தகவல் வந்திருந்ததாம். அது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அம்மா பீலிக்கரைப் பேச்சையும் காவல்காரர் வந்ததையும் சேர்த்து, இரண்டும் இரண்டும் நான்கு என்று கூட்டிவிட்டார்.

"அந்தப் புள்ளையப் பாத்தா அப்படித் தெரியலையே அண்ணி" என்றார் அத்தை. "நம்ம லயத்துக்கு வந்தப்பக்கூட நம்ம கதவத் தட்டல."

"தட்டாமப் போனான்னா என்னா அர்த்தம்? உள்ள ஆள் இருக்கிறது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

ஒரே சங்கதியை அத்தை ஒரு விதமாகவும் அம்மா ஒரு விதமாகவும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கோ மூன்றாவதாகவும் ஒன்று தோன்றுகிறது. பதிவில் இருந்த எங்கள் எட்டுப் பேரில் பள்ளிக்கூட வயதுக்காரர் எல்லோரும் ஏற்கெனவே போய்க்கொண்டுதானே இருந்தோம்? தட்டுவதற்கு அவருக்குக் காரணமே இருந்திருக்காது.

பிறகு ஒரு நாள் காலையில் கண்டாக்கு ஐயா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். துரைக்கு அடுத்தபடி மலை வேலைகளை நடத்துகிறவர் அவர். நாங்கள் எழுந்து நின்றோம். அவர் தொப்பியிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டியது.

"என்னா டீச்சர், தீப்பெட்டிக் கடை போட்டிருக்கீங்களா?"

"பத்தோட அடுக்குப் படிக்கிறோம் ஐயா."

"இதெல்லாம் அஞ்சாம் வகுப்புப் பாடமா?" பிரம்பால் ஒரு பலகையைத் தட்டினார். "இது என்னா?"

கங்காணியின் பேரனுக்கு ஒரே பெருமை. "லயங்க ஐயா. இது எங்க காம்பிரா."

ஐயாவின் முகம் மாறியது. குனிந்து பார்த்தார். "ஓ. ஒங்க காம்பிராவுல எத்தன பேரு?"

"பத்துப் பேரு ஐயா."

"நீ?"

"பத்துப் பேரு ஐயா."

"நீ சொல்லு."

"பத்துப் பேரு ஐயா."

நான்கு பேர் காம்பிராப் பையனிடம் வந்தார். அவன் அப்பாவை அவருக்கு நன்றாகத் தெரியும். "ஏன்டா, ஒங்கப்பன், ஆத்தா, நீ, ஒந்தங்கச்சி. நாலு பேருதான? மத்த ஆறு பேரு எங்கேருந்துடா வந்தாங்க?"

"கணக்குக்கு வந்தாங்க ஐயா" என்றான் அவன்.

அரிவரி மூலையில்கூடச் சிரிப்பு கேட்டது. ஐயா சிரிக்கவில்லை. பிரம்பு என் பக்கம் திரும்பியது.

அம்மா சொல்லிக்கொடுத்தது எட்டு. டீச்சர் சொல்லிக்கொடுத்தது பத்து. உண்மையும் பத்துத்தான். எட்டு என்றால் நான் மட்டும் தனியாகத் தெரிவேன் என்று அந்த வயதில் யோசித்தேனா, எல்லோரும் சொன்னதே என் வாயிலும் வந்துவிட்டதா, எனக்கே நிச்சயமில்லை. டீச்சர் அப்போது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"பத்துப் பேரு ஐயா" என்றேன்.

அவர் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்தவளைத் தாண்டிப் போனார்.

"நெசமா எத்தன பேருன்னு இதுகளுக்குத் தெரியுமா தெரியாதா?"

"நான்தாங்க எல்லாம் பத்துன்னு வச்சுக்கச் சொன்னேன். இனிமே யாரக் கேட்டாலும் பத்துன்னுதான் சொல்லுவாங்க."

"நெசத்தச் சொல்லிக்குடுக்க வேண்டிய எடத்துல பொய்யச் சொல்லிக்குடுக்கிறீங்க."

"பொய் இல்லீங்க ஐயா. கணக்குக்காக வச்சுக்கிட்ட எண்ணு."

"அதுக்குத்தான் எங்க ஊர்ல பொய்யின்னு பேரு" என்றுவிட்டு அவர் போய்விட்டார். அன்று அவர் எந்த லயத்துக்கும் போகவில்லை.

கண்டாக்கு ஐயா பள்ளிக்கூடத்துக்குப் போனார், பிள்ளைகளிடம் காம்பிராவுக்கு எத்தனை பேர் என்று கேட்டார் என்கிற செய்தி மதியத்துக்குள் மலை ஏறிவிட்டது. ஒரு நிரையில் கொழுந்தெடுப்பவள் அடுத்த நிரைக்குச் சொன்னாள். டீச்சர் சொன்ன அடுக்கு அன்றைக்கு மலையில் நடந்தது. பிள்ளைகள் என்ன பதில் சொன்னார்கள் என்பது அந்தச் செய்தியில் இல்லை.

சாயந்தரம் அம்மா வந்ததும் என்னைத்தான் பிடித்தார். "நீ என்னா சொன்ன?"

"பத்துன்னு சொன்னேம்மா. எல்லாரும்..."

மீதியை அம்மா கேட்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூடையைக்கூட முதுகிலிருந்து இறக்கவில்லை. எல்லோரும் பத்து என்றுதான் சொன்னோம் என்று நான் அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் காதில் விழுந்தது ஒன்றுதான்: கண்டாக்கு ஐயாவுக்கு முன்னால் என் மகள் பத்து என்று சொல்லியிருக்கிறாள். அத்தை மூலையில் துணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தார். அப்பா அந்த மூட்டையைப் பிடுங்கித் தள்ளிவைத்தார். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

என் அம்மா யாரிடமும் குரல் உயர்த்தாதவர். பீலியில் முறை தவறி யாராவது குடத்தை வைத்தாலும் தன் குடத்தை நகர்த்திக்கொள்வார். அந்த அம்மா மறுநாள் காலை, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கும் முதுகுக் கூடையுமாக, மலைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்துக்குள் ஏறிவந்தார். பின்னால் இன்னும் சில பெண்கள்.

"எங்க வீட்டுத் தலைய எண்ணச் சொல்லி ஒனக்கு யாரு சொன்னது?" என்றார்.

"நான் எண்ணலீங்க அம்மா. கணக்குத்தான் சொல்லிக்குடுத்தேன்."

"கணக்கா? கண்டாக்கையாவ எதுக்குக் கூட்டியாந்த? எங்களத் தொரத்திட்டு ஒங்க ஆளுங்களக் குடி வைக்கவா? நாங்க ஒன்னய என்னா பண்ணோம் டீச்சரம்மா? ஒரு நாளு ஒனக்கு வெறகு இல்லைன்னு சொன்னமா, வெளக்குக்கு எண்ணெய் இல்லைன்னு சொன்னமா?"

"வேதக்காரப் பொண்ணுதான? தொரைக்கு வேண்டியவ" என்றார் பின்னால் நின்றவர்.

அம்மா பலகையை ஒரு தள்ளுத் தள்ளினார். தீப்பெட்டிகள் பிய்ந்து விழுந்தன. விதைக் கூடுகள் சிமெந்துத் தரையில் சிதறி அரிவரி மூலைவரை உருண்டன. தைல வாசனை ஒரு தடவை எழும்பி அடங்கியது.

டீச்சர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். எல்லாப் பிள்ளைகளும் பத்து என்றார்கள், அதனால் ஐயாவால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அங்கே அத்தனை பிள்ளைகளும் பெண்களும் நின்றார்கள். அத்தனை காதுக்கும் முன்னால் அதைச் சொல்வது எங்கள் கதவைத் திறந்து காட்டுவதுபோல ஆகிவிடும் என்று நினைத்தாரா? அல்லது ஒன்றுமே புரியாமல் திகைத்து நின்றாரா?

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தபோதுதான் டீச்சர் என்னை நேராகப் பார்த்தார். அம்மாவிடம், "உங்க மக நல்லாக் கணக்குப் போடுது. படிப்ப மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார்.

வெளியே வந்ததும் அம்மா சொன்னார்: "பாத்தியா? ஒன்னயத்தான் குறி வச்சிருக்கா."

அதன்பின் எங்கள் லயத்திலிருந்து யாரும் பள்ளிக்கூடம் போகவில்லை. மற்ற லயங்களும் ஒவ்வொன்றாக நிறுத்தின. பிள்ளைகள் வராத பள்ளிக்கூடத்துக்கு எதற்கு டீச்சர் என்று ஆபிசில் கேட்டிருப்பார்கள். கண்டாக்கு ஐயாவும் தன் பங்குக்குச் சொல்லியிருப்பார். மழை குறைந்த ஒரு காலையில் அவர் தகரப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு இறங்கிப் போவதை லயத்து வாசலிலிருந்து பார்த்தோம். பெட்டியைக் கீழே வைத்துக் கை மாற்றிக்கொண்டார். மறுபடி தூக்கினார். ஒருவரும் உதவிக்குப் போகவில்லை.

அத்தைக்கு அந்தக் காம்பிராவிலேயே ஆண் பிள்ளை பிறந்தது. தை பிறப்பதற்குள் மாமாவுக்குக் கினிகத்தேனையில் ஒரு கடையில் நிரந்தர வேலையும் பின்கட்டில் ஓர் அறையும் கிடைத்தன. வந்து கூட்டிக்கொண்டு போனார். கடைசிவரை யாரும் எங்கள் கதவைத் தட்டவில்லை. வேறொரு மாஸ்டர் வந்தார். நான் படிப்பை விடவில்லை. ஹட்டனில் போய்ப் படித்தேன். அங்கே எல்லோரும் மிரண்ட அடுக்குக் கணக்கு எனக்கு மட்டும் எளிதாக இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போன பிறகு அம்மா எங்களோடு தலவாக்கலையில்தான் இருக்கிறார். என் மூத்த மகனுக்கு நூறும் ஆயிரமும் குழம்புகிறது. போன மாதம் அவனுக்குத் தீப்பெட்டி வைத்துச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, அவனைப் பக்கத்தில் இழுத்துக் கதை சொல்ல ஆரம்பித்தார். கெட்ட டீச்சர் ஒருத்தி வந்தாள், நம்ம தலைகளை எண்ணினாள், பாட்டி போய்ப் பலகையைத் தள்ளி அவளை விரட்டினேன், அதனால்தான் அப்போது வயிற்றிலிருந்த உன் கினிகத்தேனைச் சித்தப்பா இன்றைக்கு உயிரோடு இருக்கிறான் என்று. சொல்லும்போது அம்மாவின் குரலே வேறாக இருந்தது. அவர் வாழ்க்கையில் எழுந்து நின்று பேசியது அந்த ஒரு தடவைதான். இப்போது மறுபடியும் யார் இங்கே இருப்பது, யார் இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவது என்று நம்மை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் அந்த ஞாபகம் அவருக்கு ஒரு பிடிமானமாக இருக்கிறது என்பதும் எனக்குத் தெரிகிறது.

அம்மா எழுந்து உள்ளே போனதும் மகன் கேட்டான்: "அந்த டீச்சர் நெசமாவே கெட்டவங்களாம்மா?"

"தீப்பெட்டிய எண்ணு" என்றேன்.

அம்மாவிடம் உள்ளதைச் சொன்னால், அவர் காப்பாற்றியதாக நினைக்கும் ஆட்களை வேறொருத்தி காப்பாற்றியிருக்கலாம், அவளைத்தான் இவர் விரட்டினார் என்று ஆகிவிடும். இந்த வயதில் அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அதுவும் எனக்கே நிச்சயமாகத் தெரியாத ஒன்றுக்காக. சொல்லாவிட்டால், பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போன அந்தப் பெண் என் பிள்ளைகள் மனதில் கெட்டவளாகவே நின்றுவிடுவாள். மகனிடம் மட்டும் சொல்லி, பாட்டியிடம் சொல்லாதே என்று வாயைக் கட்டலாம். ஆனால் வீட்டுக்குள் ஒன்று, வெளியே ஒன்று என்று பேசப் பழக்குவதா என்று யோசனையாக இருக்கிறது. கணவரிடம் பேசிப் பார் என்பீர்கள். பேசினேன். "அம்மாவுக்கு வயசாயிருச்சு, விடு" என்றார்.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இப்படி ஏதாவது கதை சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். நீங்கள் திருத்தினீர்களா, விட்டுவிட்டீர்களா? திருத்தியிருந்தால் எப்படி ஆரம்பித்தீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரமாக எழுதினால் நல்லது. நேற்று சாயந்தரம் அம்மா அந்தக் கதையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.